பேர் வருகிற பாட்டு

"கறிவேப்பிலை வாங்குறதுக்கும் பாட்டாடா? முடியலடா சாமி!"

பின்வரிசையில் ஒருவன் கத்த, தியேட்டரே சிரித்தது. திரையில் கதாநாயகி மயில்தோகை வைத்த கப்பலில் நின்றுகொண்டு, கறிவேப்பிலைக்காரியிடம் ராகம் போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். படம் ஆரம்பித்ததிலிருந்து ஒருத்தரும் பேசவில்லை. எல்லாமே பாட்டுதான். காணாமல் போன காதலனைத் தேடி அவள் பனிமலைக்குப் போனாள், கடலுக்கடியில் போனாள். போன இடமெல்லாம் பெரிய கூட்டம் கூடவே ஆடியது. பெரம்பலூர் ஜனத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒட்டகத்துக்கு எதுக்குடா ஜிமிக்கி?"

"அதுவும் இப்ப பாடும் பாரு!"

சொல்லி வைத்தாற்போல் ஒட்டகமும் பாடியது. விசில் பறந்தது.

தனம் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி இவ்வளவு நகையும் பட்டும் உடுத்திக்கொண்டு ஊரறிய ஒருத்தனைத் தேடுகிறாளே என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"தனம்! அந்தப் பாவாடைய விரிச்சா நம்ம ஊரையே மூடிப்புடலாம் போலருக்கே!" என்றார் பக்கத்தில் இருந்த அவள் கணவர் அறிவரசன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க!" என்று யாரோ அதட்டினார்கள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்தவர். மெல்லப் பேசுவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. தனம் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மனிதர் சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டார்.

இடைவேளையில் பாதிக் கூட்டம் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடையைக் கட்டியது. அறிவரசன் ஒரு முட்டை பப்ஸை வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கிவிட்டார். இந்தப் பக்கம் தோழிகளோடு வந்திருந்த கல்லூரிப் பெண் நந்தினி, தனத்திடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க கெளம்பலையாக்கா? எங்களாலயே தாங்க முடியல."

"அந்தப் பாட்டு இன்னும் வரலையேம்மா. டீக்கடையில, பஸ்ஸுலயெல்லாம் போடுறாங்கள்ல... பேர் வருமே, அது."

"'அறிவரசா, அறிவரசா'ன்னு கத்துவாங்களே, அதுவா?"

தனத்தின் முகம் சிவந்தது. மோவாயால் பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

"அய்யோ! மாமா பேரா?" என்று நந்தினி குரலை இறக்கினாள். "அப்ப தெனம் கூப்புடுற பேருதான?"

"நல்லா கூப்புட்டேன் போ!" தனம் குரலை இறக்கவில்லை. "கட்டிக்கிட்டு வந்த நாளாக் கேக்குறாரு, ஒரே ஒரு தடவ பேரச் சொல்லுன்னு. நாளைக்குச் சொல்றேங்க, நாளைக்குச் சொல்றேங்கன்னே காலம் ஓடிப்போச்சு. ரேஷன் கடையில வூட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டாங்க. அறிவுன்னு போட்டு, பின்னாடி நாட்ட ஆள்றவரச் சேத்துக்குங்கன்னேன். அந்தப் புண்ணியவான் அறிவுராஜான்னு எழுதிட்டான். கார்டுல இன்னும் அதான் இருக்கு."

நந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தனத்தின் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னைக்குச் சொல்லிரலாம்னு வந்தீங்களாக்கா?"

"நாக்கு எழும்பணுமே. பாட்டோட பாட்டாச் சொல்லிட்டா, பேரச் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. அதான் வம்பா இழுத்துக்கிட்டு வந்தேன்."

"சொல்லுங்கக்கா. நாங்களும் கூடக் கத்துறோம். இந்தச் சத்தத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

படம் முடியப்போகிற நேரத்தில்தான் அந்தப் பாட்டு வந்தது. வெள்ளை மலை உச்சியில், மலையையே மூடுகிற தங்கப் பாவாடையில் நின்றாள் கதாநாயகி. தியேட்டர் முழுக்கப் பொன்வெளிச்சம் பரவியது. "அறிவரசா!" என்று அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். கேலிக்குப் பின்வரிசையும் சேர்ந்து கூவியது.

தனம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நந்தினி அவள் முழங்கையைத் தட்டினாள். அடுத்த தடவை "அறி" வரைக்கும் வந்து அடைத்துக்கொண்டது. கதாநாயகி அழுதுகொண்டே மறுபடியும் கூப்பிட்டாள். இத்தனை வருஷமாக உள்ளேயே கிடந்த பேர், தனத்தின் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"அறிவரசா!"

ஒரு தடவை வந்த பிறகு நிற்கவில்லை. கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் கூப்பிட்டாள். பின்வரிசை கேலி பண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

விளக்கைப் போட்டார்கள். தனத்துக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கலக்கிட்டீங்கக்கா! மாமா அப்படியே உருகிப்போயிருப்பாரு!" என்றாள் நந்தினி.

தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டாத்தானம்மா உருகுறதுக்கு? போன வருசம் சொரங்கத்துல வெடி முந்திக்கிச்சு. அதுலேர்ந்து ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. கேட்ட காலத்துல சொல்லாம விட்ட பாவி நான்."

அப்போது அறிவரசன் அவள் கையைப் பிடித்து, வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "படத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தனம், நான் உன் வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். 'வ' சொல்றப்ப உதட்டக் கடிச்சியே... எங்க, இன்னொரு தடவ சொல்லு!"