திரும்பி வருகிறவன்

“அவன் மட்டும் எப்படிக்கா திரும்பி வர்றான்?”

ஒக்தான் கேட்டதும் லூசியா அவள் வாயைப் பொத்தினாள். மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சாம்சோ அசையவில்லை.

“மெதுவாப் பேசு. அவன் தூங்கலை.”

கிறிஸ்தவர்களைப் பிடிக்கச் சொல்லி அரசரின் ஆணை வந்த அந்தக் குளிர்காலத்தில், கொரியாவின் மலைக் கிராமங்களில் வீட்டில் ஒரு ஜெபப் புத்தகம் இருந்தாலே போதும், கட்டி இழுத்து வந்துவிடுவார்கள். ஒக்தான் வந்து ஆறு நாள் ஆகிறது. அன்று இந்த மண் அறையில் அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். இப்போது நான்கு பேர்தான்.

இரண்டு முறை கதவு திறந்தது. இரண்டு முறையும் ஐந்து பேர் வெளியே போனார்கள். சாம்சோ மட்டும் திரும்பி வந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வாசலுக்கு வெளியே பனியை அள்ளி அள்ளி அவன் வெகுநேரம் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

“வேதத்தை விட்டுட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்கறானா? இல்ல, நம்மளைக் காட்டிக் கொடுக்கறானா?”

“ரெண்டும் இல்லை.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியும். விடு.”

பானை செய்கிற மான்சோக் சட்டையில் பேன் தேடிக்கொண்டிருந்தார். “ரெண்டு காலையும் உடைச்சுப் போட்டிருக்கானுங்க. என்னை யாரு தூக்கிட்டுப் போவாங்கன்னு ஒருத்தரும் கவலைப்படக் காணோம். இங்க ஊர் வம்பு நடக்குது” என்றார்.

ஒக்தானுக்கு மனம் ஆறவில்லை. நேற்றுத்தான் லூசியா கஞ்சிக் கோப்பையில் பனியை உருக்கி, சாம்சோவின் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். அதுவும் முந்தின நாள் வெளியே போய்த் திரும்பாத தன் கணவன் தோமாவின் பெயரை வைத்து. இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன ஞானஸ்நானம் என்று கேட்டதற்கு, “இப்பதான் கேட்டான்” என்று முடித்துவிட்டாள்.

மதியம் கழிந்த நேரம் கதவு திறந்தது. காவலன் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். வெள்ளைச் சோறு, பன்றிக்கறி, ஒரு கிண்ணம் சாராயம். சாம்சோவின் முகத்தைப் பார்க்காமல், தட்டைக் காலால் அவன் பக்கம் தள்ளினான்.

“நாளைக்குக் காலையில. மூணு பேரு. நல்லாக் குடிச்சுக்க.”

கதவு மூடியது. ஒக்தான் மனதுக்குள் எண்ணினாள். இருப்பது நான்கு பேர்.

சாம்சோ எழுந்து உட்கார்ந்தான். கறியைத் தொடவில்லை.

“என்னால முடியாதுக்கா. இங்க உட்கார்ந்து சரி சரின்னு சொல்றேன். வாசலைத் தாண்டினதும் கைகால் என் பேச்சைக் கேட்கறதில்லை. ஒரு தடவை மாட்டேன்னு சொன்னா அன்னிக்கே என் கதை முடிஞ்சுது. எனக்குச் சாகப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் ஆசையா? நேத்து ராத்திரி என் பல்லு கடகடன்னு அடிச்ச சத்தம் உனக்குக் கேட்கலையா?”

“நீங்கல்லாம் ஒண்ணா இருக்கீங்க. அங்க நான் தனியா நிக்கறேன்.”

“யாரு சொன்னா தனின்னு? எம் புருஷன் பேரையே உனக்குக் குடுத்திருக்கேன்.”

“அவர் பேரைச் சொல்லாதக்கா.” இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பிறகு தானாகவே சொன்னான்: “என் கை நடுங்கறதைப் பார்த்துட்டு, ‘குளிருதா தம்பி’ன்னு கேட்டாரு. கடைசியா அதான் பேசினாரு.”

லூசியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவரு அப்படித்தான்” என்றவள், அவன் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு ஒரு நாள்தான் தம்பி. மான்சோக்கை நீ முதுகுல தூக்கிட்டு வா. அவரை இறக்கி வெச்சதும் எங்க பக்கத்துலயே உட்கார்ந்துடு. யாரு கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. அவ்வளவுதான் நீ செய்ய வேண்டியது.”

அதிகாரியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் மறுதலித்துவிடலாம் என்று ஒக்தான் இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியா பேசியது அவளுக்கே சொன்னதுபோல் இருந்தது. அவள் வைக்கோலில் நகர்ந்து, அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

“நானும் பக்கத்துல இருக்கேன்” என்றாள், சாம்சோவிடம். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை.

காலையில் பனி நின்றிருந்தது. பெண்கள் இருவரையும் கை பின்னால் கட்டி நடத்திப் போனார்கள். மான்சோக்கைச் சுமந்துகொண்டு சாம்சோ பின்னால் வந்தான். வழியில் நின்றவர்கள் அவர்களைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஆற்று மணலில் மூவரையும் வரிசையாக மண்டியிட வைத்தார்கள். மான்சோக்கை இறக்கி வைத்த சாம்சோ ஒரு கணம் நின்றான். பிறகு லூசியாவுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டான். ஒக்தான் வாய்க்குள் ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

அதிகாரி தீர்ப்பைப் படித்தார். மூன்று பெயர்கள். சாம்சோவின் பெயர் இல்லை.

“அங்க என்னடா உட்கார்ந்திருக்கே? எழுந்து வா.”

சாம்சோ எழவில்லை. காவலன் நீண்ட வாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டான்.

“கொலைகாரப் பயலே, மூணு வருஷமா உன் தலையை விட்டு வெச்சது இவங்க தலையை வெட்டத்தானே?” என்றார் அதிகாரி.

சாம்சோ கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். லூசியா முழங்காலாலேயே நகர்ந்துபோய், தன் கணவனை வெட்டியவனின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.