குலுக்காத சீட்டு

பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் முதல் பெயர் வந்தது.

"ஆதிகேசவன்!" என்று உரக்கப் படித்தேன்.

தோணிரேவு மீனவர் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி ஆதிகேசவனைப் பார்த்தார்கள். சாலையில் வந்தால் கம்ப்யூட்டர் குலுங்கிக் கெட்டுவிடும் என்று நான் பயந்ததால், நேற்று தன் தோணியில் அதை ஏற்றி வந்தவர் அவர்தான்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை முதலில் இறங்குவது என்ற முறைக்கு இங்கே பாடு என்று பெயர். நல்ல பாடு விழுந்த வீட்டில் அந்த வருடம் கல்யாணப் பேச்சு நடக்கும். விழாத வீட்டில் பேச்சு தள்ளிப்போகும். அதனால் வருடா வருடம் பெயர் எழுதிய சீட்டுகளைப் பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதற்கு அரை நாள் ஆகும். சண்டையோடு சேர்த்தால் முழு நாள்.

அதை ஒரு நொடியில் முடித்துத் தருவதாக ஊர்த் தலைவர் திருவேங்கடத்துக்கு முறைப்படி கடிதம் எழுதியிருந்தேன். இடது பக்கம் பெறுநர், நடுவில் பொருள், கீழே கையெழுத்து, அதற்கும் கீழே 'மக்பூல் அண்ட் கோ, சிறுதொழில்களுக்கான சாப்ட்வேர் நிறுவனம், பழவேற்காடு, 1988'. மக்பூல் நான். கோ என்பது என் மனைவி பரீதா.

பழவேற்காட்டில் ஐஸ் கடை, உப்பு வியாபாரம் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. மளிகைக் கடை கைருன் பீவி மட்டும்தான் என் பேச்சை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "கரண்டு போனா உன் மிஷினு இன்னா பண்ணும்?" என்றார். பதிலைக் கடிதமாக அனுப்புவதாகச் சொல்லி வந்தேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று இந்த ஊரும் கைவிட்டால், வாடகைக்கு எடுத்த மெஷின் மெட்ராஸுக்குத் திரும்பும். நான் மாமனாரின் கருவாட்டு மண்டிக்குப் போவேன். பரீதா அதற்கென்று ஒரு காக்கிச் சட்டையே தைத்து வைத்துவிட்டாள்.

"மனிதக் கைக்குச் சொந்தபந்தம் உண்டு. மெஷினுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது" என்று ஆரம்பத்திலேயே ஒரு சொற்பொழிவும் ஆற்றியிருந்தேன்.

"இன்னொரு வாட்டி போடு பாய்," என்றார் பவுனம்மாள். பட்டியலின் கடைசிப் பெயர் அவருடையது. போன வருடமும் அவருக்குக் கடைசிப் பாடுதான்.

போட்டேன். ஆதிகேசவன் முதல், பவுனம்மாள் கடைசி. நடுவில்கூட ஒரு பெயர் இடம் மாறவில்லை.

மெஷினை அணைத்து, பிஸ்மில்லா சொல்லி, மறுபடி போட்டேன்.

ஆதிகேசவன்.

"கிளி ஜோசியக்காரன் கிளிகூட வேற வேற சீட்டு எடுக்குதேய்யா!" என்றார் பவுனம்மாள்.

"மிஷினுக்குச் சொந்தக்காரன் யாருன்னு இப்பத்தான் தெரியுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆதிகேசவன் எழுந்துவிட்டார். "எம்மேல இன்னாத்துக்கு விழறீங்க? நான் அதத் தொட்டதுகூட இல்ல!"

"தோணில ஏத்தும்போது தொட்டியே நைனா!"

சிரிப்பு அடங்கியதும் தலைவர் குடத்தைக் கொண்டுவரச் சொன்னார். சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். நம்பிக்கைக்குப் பவுனம்மாளையே எடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். தலைவர் பிரித்துப் படித்தார்.

"ஆதிகேசவன்."

"யோகக்காரன்யா!" என்று கை தட்டினார்கள்.

பவுனம்மாளின் சீட்டு இந்த முறையும் கடைசியாகத்தான் வந்தது. குடத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஒயரைச் சுருட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று சொல்லாவிட்டால், மெஷின் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும். 'கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதவில்லை. தலைவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லை.

எல்லாரும் போன பிறகும் வாசலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தருமலிங்கம். பொன்னேரியில் குலுக்கல் சீட்டு நடத்துபவர். மாதா மாதம் ஊரறிய ஒரு பெயரை எடுத்து, சைக்கிளோ தையல் மிஷினோ பரிசு தருவார். இங்கே பல பேர் அவரிடம் சீட்டு கட்டுகிறார்கள்.

"எத்தினி வாட்டி அமுக்கினாலும் அதே பேருதான் வருமா பாய்?"

"மன்னிக்கணும். ஒரு வரி விட்டுப்போச்சு. சேர்த்தா சரியாயிடும்."

அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சேக்காத. மொத பேரு மட்டும் நான் சொல்ற பேரா இருக்கட்டும். மாசா மாசம் உனக்கு வேலை."

மக்பூல் அண்ட் கோவுக்கு வந்த முதல் ஆர்டர்.

சுருட்டிய ஒயரைப் பிரித்தேன். மெஷினைப் போட்டேன். தருமலிங்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பார்க்கப் பார்க்க அந்த ஒரு வரியைத் தட்டினேன்.

"இன்னா எழுதறே?"

சொன்னேன்.

"பொழைக்கத் தெரியாதவன்யா நீ," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பொத்தானை அமுக்கினேன். முதல் பெயர் பவுனம்மாள்.

வழக்கம்போல உரக்கத்தான் படித்தேன்.

மறுநாள் காலை காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கோ அளவெடுக்காமலே தைத்தது. கச்சிதமாக இருந்தது.