ஃப்ரூமாவுக்கு ஓர் அறை

என் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று ஒரு வாரமாக என்னைத் தன்னோடு வைத்திருந்த மகன் லேசர், இன்று மான்ட்ரியலில் உள்ள எங்கள் யூத முதியோர் இல்லத்துக்குக் கூட்டி வந்தான்.

"ஃப்ரூமா அத்தைக்கு ஒத்துவருமான்னு நீதாம்மா பார்த்துச் சொல்லணும்."

நாத்தனார் விஷயமாயிற்றே. நேரே சமையலறைக்குள் போனேன். எங்கள் ஆசாரப்படி இறைச்சிப் பாத்திரமும் பால் பாத்திரமும் தனித்தனியாகவே இருந்தன.

"வெள்ளிக்கிழமை விளக்கு?" என்று நிர்வாகியைக் கேட்டேன்.

"தீக்குப் பயந்து மின்விளக்குதாம்மா."

"அவளுக்கு அது போதும். செலவு?"

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றான் லேசர். "ஆனா அத்தை அழுவாங்களே?"

"முதல்ல வீட்டைக் காலி பண்ணிடு. திரும்பிப் போக இடமில்லேன்னா ரெண்டு நாள்ல பழகிடுவா."

அறையைக் காட்டினார்கள். நுழையும்போது, வழக்கம்போல, நிலைக்காலில் இருந்த, வேத வரிகள் அடங்கிய மெசூசாச் சிமிழைத் தொட்டு முத்தமிடக் கையை உயர்த்தினேன். விரலில் ஒரு நெளிசல் பட்டது. என் புருஷன் சுத்தியல் தவறி அடித்த நெளிசல்.

"இது நம்ம வீட்டு வாசல்ல இருந்ததுடா."

லேசர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள்ல பழகிடும்மா."