மேல் கணக்கு மழைமானி

ஆர்த்திகா கட்டளையை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அதிகாரி சிவசுப்பிரமணியம் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஏழு, மார்கழி. மூன்று நாளாகப் பதுளையில் வெயிலே இல்லை.

தேயிலைத் தோட்டங்களில் நட்டிருந்த மழைமானிகளைக் கொழும்பிலுள்ள கணினி காலையும் மாலையும் தானாகவே தொலைபேசியில் அழைக்கும்; பெய்த அளவைக் கேட்டுப் பதுளையிலுள்ள மண்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பும். எந்த மானியை எப்போது அழைப்பதென்று இங்கிருந்து அதற்குக் கட்டளை அனுப்புவது ஆர்த்திகாவின் வேலை.

இன்று ஒன்றே ஒன்றை மாற்றியிருந்தாள். ஹாலிஎலவுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் மேல் கணக்கு எனும் மேற்பிரிவில் இருந்த மானி. கால் மணிக்கொரு தடவை.

"வெயிலும் இல்லை, உப்பிடிக் கூப்பிட்டா மானியின்ர பற்றரி இறங்கிப்போடும், பிள்ளை. ஏன் அந்த ஒண்டை மட்டும்?"

"அதுக்குக் கீழதாங்க சேர் எங்க லயம்."

லயமென்றால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள். அவர் ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த அளவு வந்தது. அதற்கடுத்தது அதைப்போல் இரு மடங்காக வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

வழக்கமான ஏற்பாட்டில் அந்தக் கணினி மாலை வரை வாய் திறந்திருக்காது.

தோட்டத்து ஒபிசுக்கு அவரே போன் எடுத்தார். மண் சரியலாம், லயத்துச் சனத்தை உடனே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுங்கள் என்றார். மறுமுனை தயங்கியபோது, ஆர்த்திகா அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. லயத்தின் பின்பக்கம் மண் இறங்கிவிட்டது. குசினிகள் மூடிப்போயின. உள்ளே யாரும் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஆர்த்திகா மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். அவர் அவளைச் சற்று நேரம் அழவிட்டார்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அம்மாவைக் கூப்பிடச் சொல்லட்டோ? ரெண்டு வார்த்தை கதையும்."

"அம்மா இல்லைங்க சேர். நான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறப்ப இதே மண்ணுதான் வந்துச்சு. அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் உள்ள இருந்தாங்க."

"அப்ப இப்ப அந்த லயத்தில உமக்கு ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லைங்க. சுவரைக் கட்டி வேற ஆளுங்கள குடி வச்சிட்டாங்க. யாருன்னுகூடத் தெரியாது."

அவர் ரிசீவரை வைக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, அந்த லயத்து ஆட்களில் யாராவது ஒருவரைக் கூப்பிடும்படி சொன்னார். பிறகு அதை ஆர்த்திகாவிடம் நீட்டினார்.

"அலோ, யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

ஆர்த்திகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களாம்மா?"