விளிம்பில்லாத பூச்சு

"வேணாம் பாப்பா. முன்னாடி குடுத்த ரெண்டு கட்டைக்காலும் பரண்ல கெடக்கு. இதையும் அங்கேயே தூக்கிப் போட்டுடு," என்றார் தங்கையன், நாற்காலியை விட்டு எழாமலே.

எழில்மொழி புதுச் செயற்கைக் காலை அவர் பக்கத்தில் வைத்தாள். அவருடைய சொந்தக் கால் அறுவடை மெஷினில் சிக்கி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன்பிறகு மனிதர் தம் வயலை வாசலிலிருந்து பார்ப்பதோடு சரி. எப்பாடு பட்டாவது அவரை நடக்க வைத்துவிட வேண்டும் என்றுதான் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வாராவாரம் பஸ் பிடித்து வருகிறாள்.

"அய்யா, பழைய கால்ல மெத்தை ஒரு இடத்துல முடியும், கட்டை அங்கேயே ஆரம்பிக்கும். அந்த விளிம்பு உரசித்தான் புண்ணாச்சு. இதுல விளிம்பே கிடையாது. தடவிப் பாருங்க."

செயற்கைக் காலின் குழிக்குள் அவர் விரலை விட்டார். உள்பக்கம் முழுக்கப் பாலிமர் பூச்சு. அடியில் மெத்தென்று இருந்து, மேலே போகப் போக இறுகியது. கலவையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே பூசி, உரிந்ததைத் தூக்கியெறிந்து, மறுபடி பூசி அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "கண்ணாடித் தகட்டில் செய்து காட்டினாலே முனைவர் பட்டம் கிடைக்கும், உனக்கென்ன பைத்தியமா?" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தார்கள். அவளுக்குப் பட்டமா பெரிது?

"எங்க மாறுதுன்னே தெரியலியே!" என்றார் தங்கையன்.

அவர் மனைவி ரெங்கம்மாள் மோர் கொண்டுவந்தாள். "குடிச்சிட்டு அவரோட மல்லுக்கட்டு."

இந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் எழில்மொழிக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று துருவித் துருவிக் கேட்கிற ஊர் இது. இவர்கள் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மட்டில் நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கையன் காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். தடுமாறினார். பிடிக்கப் போனவளைக் கையமர்த்திவிட்டு வாசலைத் தாண்டினார். வாய்க்கால் வரை போய், வரப்பில் ஏறி, முற்றிய கதிர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழில்மொழி மண்டியிட்டுக் காலைக் கழற்றினாள். தோல் எங்கேயும் சிவக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாத. நாளைக்கு நம்ம வயல்ல அறுப்பு," என்றார் தங்கையன். "அன்னைக்கு வரப்பு வழுக்கி மெஷினுக்கு முன்னால விழுந்தது நான். ஓட்டினவர் என்ன பண்ணுவாரு, பாவம்? அதுலேருந்து மெஷின் பக்கமே போறதில்லையாம். நாளைக்கு அவர்தான் வந்து ஓட்டணும். நீதான் சொல்லிக் கூட்டிட்டு வரணும்."

"நானா? யாரை அய்யா?" என்றாள் அவள், கழற்றிய காலைக் கையில் பிடித்தபடி.

"உங்கப்பாவைத்தாம்மா. நீ மொத நாள் வாசல்ல வந்து நின்னப்பவே ஜாடையில தெரிஞ்சுபோச்சு."