தாகப் பாட்டு

இளவரசியும் அவள் தம்பி இளவரசனும் கடவுளைத் தேடி இருபத்தாறு வருடங்களாகப் பாலைவனத்தில் நடக்கிறார்கள். மேடையைப் பதினோரு முறை சுற்றினால் பாலைவனம் முடிந்துவிடும். கடைசிச் சுற்றில் அக்கா காலிக் கூஜாவைச் சாய்ப்பாள். தம்பி குடிப்பதுபோல் விழுங்கிவிட்டுத் தாகப் பாட்டைப் பாடுவான். பாட்டு முடிந்ததும் கடவுள் வருவார். கூஜாவில் சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது என்பது அந்த நாடகக் கம்பெனியின் கண்டிப்பு.

அந்த வேஷங்களைக் கட்டும் செண்பகவல்லியும் மாசிலாமணியும் நிஜத்திலும் அக்கா தம்பிதான். இன்று ஒன்பதாவது சுற்றிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. கடைசிச் சுற்றில் அவள் கூஜாவைச் சாய்த்தபோது வாயில் நிஜத் தண்ணீர் விழுந்தது.

"என்னக்கா இது?" என்றான் மெதுவாக.

"குடிடா. எத்தனை வருசந்தான் வெறும் எச்சிலை முழுங்குவ?"

குடித்தான். குடித்த பிறகு பாட்டு வரவில்லை. ஆர்மோனியம் அதே அடியை மூன்று முறை வாசித்துவிட்டு நின்றது. மணலென்று விரித்திருந்த படுதாவின்மேல் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பாட்டு முடியட்டும் என்று திரைக்குப் பின்னால் கால் கடுக்க நின்றிருந்த கடவுள் தானாகவே மேடைக்கு வந்தார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா, தாயி?" என்று கையை நீட்டினார்.