மூன்றாவது மோட்டார்

“போன மழைக்கு ஒண்ணு, இந்த மழைக்கு ஒண்ணு. நீ மாட்டுற வைப்பர் மோட்டார் மட்டும் எப்படிப்பா புகையுது?” என்றார் படகுக்காரர்.

மெக்கானிக் பழைய மோட்டாரைத் திறந்தான். உள்ளே உப்புப் பூத்திருந்தது.

“உப்புத்தண்ணி போயிருக்குண்ணே.”

“கேபினுக்குள்ள இருக்கிற மோட்டாருக்குத் தண்ணி நடந்து வந்துச்சாக்கும்! பொழப்பு ஓடணும்னு நீயே எதையோ பண்ணி வச்சுட்டுப் போற. வைப்பர் இல்லாம மழையில நான் கண்ணைக் கட்டிக்கிட்டா கடலுக்குப் போறது?”

மெக்கானிக் புது மோட்டாரை மாட்டித் திருகுகளை முடுக்கினான். கருகிய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தான்.

படகுக்காரர் அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. டார்ச் பிடித்திருந்த மனைவியிடம், “நல்லாக் காட்டு. இவனை நம்ப முடியாது” என்றார்.

வெளிச்சம் லேசாக ஆடியது.

வைப்பர் ஓடியது. படகுக்காரர் உர்ரென்ற முகத்தோடே டீசல் கேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் ஸ்விட்சுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான்.

“அக்கா, இனிமே மோட்டாருக்குள்ள உப்புத்தண்ணி ஊத்தாதீங்க. வானம் கறுத்தா இந்த ஃபியூஸை உருவிடுங்க, மழை விட்டதும் சொருகிடுங்க. அண்ணன் கரையிலேயே இருப்பாரு.”